ரெய்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது? விபசாரத் தடுப்புச் சட்டத்தின் செலவுக் கணக்கு!

‘மசாஜ் சென்டர் பெயரில் விபசாரம்... அழகிகள் மீட்பு... புரோக்கர் கைது!’

செய்தித்தாள் படிக்கும் எல்லோரும் இந்தத் தலைப்பை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள். ஊர் மாறும், கட்டடம் மாறும், பெண்களின் எண்ணிக்கை மாறும். செய்தி மட்டும் மாறாது. நான்கு வரியில் முடிந்துவிடும். கூடவே, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் வேனில் ஏறும் படம் ஒன்று இருக்கும்.

அதற்குப் பிறகு? அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? புரோக்கர் எத்தனை நாளில் ஜாமீனில் வந்தார்? அவருக்கு மேலே இருந்து தொழிலை நடத்தியவர் யார்? வீட்டை வாடகைக்கு விட்டவர் என்ன ஆனார்?

இந்தக் கேள்விகளுக்கான விடையைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, காவல்துறையின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது?

பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கலாம். இந்தியாவில், வயதுக்கு வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு பாலியல் தொழிலில் ஈடுபடுவது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. அதைச் சுற்றி நடக்கும் வணிகம்தான் குற்றம்.

1950-ல் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதைத் தொடர்ந்து, 1956-ல் இதற்கான சட்டம் வந்தது. 1986-ல் திருத்தப்பட்டு, இன்றைய பெயரைப் பெற்றது. போலீஸ் வட்டாரத்தில் இதை ‘ஐ.டி.பி.ஏ.’ என்பார்கள். மக்கள் பேச்சில் விபசாரத் தடுப்புச் சட்டம்.

விபசார விடுதி நடத்தினால், முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவல். இடம் கொடுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. ஒரு பெண்ணின் சம்பாத்தியத்தில் வாழ்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை. ஆசைகாட்டி ஒருவரைத் தொழிலுக்கு அழைத்து வந்தால் மூன்று முதல் ஏழாண்டு. விருப்பத்துக்கு மாறாக இழுத்து வந்தால் 14 ஆண்டு வரை போகும்.

இவற்றோடு 8-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் நின்று வாடிக்கையாளரை அழைப்பது குற்றம். இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் மற்ற பிரிவுகள் பெரும்பாலும் வியாபாரியைக் குறிவைக்க, இந்தப் பிரிவு தெருவில் நிற்கும் பெண்ணைக் குறிவைக்கிறது.

பட்ஜெட் கதை தொடங்குவது இங்கேதான்.

ஒரு ரெய்டு... எத்தனை செலவு?

ஓர் உதாரணத்துக்கு, நகரத்தின் அபார்ட்மென்ட் ஒன்றில் வெளிமாநிலப் பெண்களை வைத்துத் தொழில் நடப்பதாக ஒரு தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் நேராகப் போய்க் கதவைத் தட்டிவிட முடியாது. சட்டம் வரிசையாகப் பல நிபந்தனைகளை வைத்திருக்கிறது.

முதலில், நடவடிக்கை எடுப்பவர் இதற்கென நியமிக்கப்பட்ட சிறப்பு காவல் அதிகாரியாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் கீழே இருக்கக் கூடாது. அப்படி நியமிக்கப்படாத சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரித்த வழக்கில், அந்த விசாரணைக்கு அதிகாரமே இல்லை என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து, வாரன்ட் இல்லாமல் சோதனை போட வேண்டுமானால், மதிப்புக்குரிய இரண்டு பேரைச் சாட்சியாக வைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கோர்ட், கேஸ் என்று அலைய யார் முன்வருவார்கள்? பெரும்பாலும் தெரிந்த முகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, குறைந்தது இரண்டு பெண் போலீஸார் உடன் செல்ல வேண்டும். மீட்கப்படும் பெண்ணை விசாரிப்பதும் பெண் போலீஸாகவே இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட சமூகநல அமைப்பின் பெண் உறுப்பினர் முன்னிலையில்தான் விசாரிக்கலாம்.

நான்காவது, மீட்கப்பட்டவர்களுக்கு வயது, காயம், நோய் ஆகியவற்றுக்கான மருத்துவப் பரிசோதனை. பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லையென்றால், எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் சோதனை வரை போக வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்று தெரிந்தால் வழக்கே போக்சோவுக்கு மாறும்.

ஐந்தாவது, மாஜிஸ்திரேட். அவர் முன் ஆஜர்படுத்தி, பெண்ணின் குடும்பப் பின்னணியை விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஊர் வங்காளத்திலோ ஆந்திராவிலோ இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதென்றால் துணைக்கு ஆள், ரயில் டிக்கெட், சாப்பாடு, தங்கும் செலவு.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் வர வேண்டும்.

இந்த நிபந்தனைகள் எதுவும் தேவையற்றவை அல்ல. ஒவ்வொன்றும் பெண்ணின் பாதுகாப்புக்காகவும், பொய் வழக்கைத் தடுக்கவும் எழுதப்பட்டது. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், வண்டி வேண்டும், பணம் வேண்டும். சட்டம் கேட்பதைக் கேட்டுவிட்டது. அதற்கான காசை எங்கிருந்து எடுப்பது என்று அது சொல்லவில்லை.

ஆள் எங்கே?

காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. ஒதுக்கப்படும் பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். மிஞ்சுவதில்தான் வண்டி, டீசல், பயிற்சி, விசாரணைச் செலவு எல்லாம்.

சம்பளத்துக்கே பெரும்பகுதி போகிறது என்றால் ஆட்களாவது போதுமான அளவு இருக்க வேண்டுமே? மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2020 ஜனவரி 1 அன்று நாடு முழுக்க அனுமதிக்கப்பட்ட போலீஸ் பணியிடங்கள் 26.23 லட்சம். வேலையில் இருந்தவர்கள் 20.91 லட்சம். காலியாகக் கிடந்தவை 5.31 லட்சம். ஐந்து நாற்காலிக்கு ஒன்று காலி.

பெண் போலீஸார் எத்தனை பேர்? அதே கணக்கில் மொத்தப் படையில் 10.3 சதவிகிதம். 20 பேர் உள்ள ஒரு ஸ்டேஷன் என்றால் சராசரிக்கு இரண்டு பேர். ஒரு ரெய்டுக்குச் சட்டம் கேட்பதும் இரண்டு பேர். அவர்கள் ரெய்டுக்குப் போன நேரத்தில் குடும்ப வன்முறைப் புகாரோடு ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வந்தால், அவரிடம் பேச ஆள் இருக்காது.

தமிழ்நாட்டின் நிலை இந்தச் சராசரியைவிட மேல். 1973-லேயே இங்கே பெண்கள் போலீஸில் சேர்க்கப்பட்டார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஆனாலும் தேர்தல், திருவிழா, வி.ஐ.பி. வருகை என்று பந்தோபஸ்து வந்துவிட்டால், முதலில் ஆள் எடுக்கப்படுவது இப்படிப்பட்ட சிறப்புப் பிரிவுகளிலிருந்துதான். திருட்டு வழக்கைத் தள்ளிப்போட்டால் புகார்தாரர் வந்து நிற்பார். அபார்ட்மென்டில் அடைபட்ட பெண் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க மாட்டார்.

‘காமன் காஸ்’ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டுப் போலீஸார் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பார்ப்பது தெரியவந்தது. 14 மணி நேரம் நின்ற காலோடு இருப்பவரிடம், மாதக்கணக்கில் ஒரு கடத்தல் கும்பலைப் பின்தொடரச் சொல்வது எளிதல்ல.

மலிவான பிரிவு... விலை உயர்ந்த பிரிவு

பணமும் ஆளும் குறைந்தால் சட்டம் நின்றுவிடுவதில்லை. அது எளிதான பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்ட் அருகே நிற்கும் ஒரு பெண்மீது 8-வது பிரிவில் வழக்கு போட என்ன செலவு? ஒரு ஜீப், ஒரு மாலைப்பொழுது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு அதோடு முடிந்தது. மாதக் கணக்கில் ஒரு எண் கூடும். அந்தப் பெண் அபராதம் கட்டிய பணத்தைச் சம்பாதிக்க அதே இடத்துக்குத் திரும்ப வருவார்.

அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவரைப் பிடிக்க என்ன செலவு? செல்போன் அழைப்பு விவரங்களை அலச வேண்டும். வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. பரிமாற்றம் பார்க்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போலீஸ் குழு போய்த் தங்க வேண்டும். பயணப்படி பில் பாஸாகி வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதுவரை செலவு யார் கையில்? விசாரணை அதிகாரியின் சொந்தப் பையில். மாமூல் என்ற பழைய நோய்க்கு இடம் கொடுப்பதும் இந்த ஓட்டைதான். செலவுக்குக் காசில்லை என்பது மாமூலுக்கு நியாயம் ஆகாது. ஆனால், அந்த ஓட்டையை அடைக்காமல் மாமூலை ஒழிப்பதும் கடினம்.

இது இந்தியாவுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. அமெரிக்காவின் 16 பெரிய நகரங்களை ஆராய்ந்து 1987-ல் வெளியான ஓர் ஆய்வு, விபசாரத் தடுப்புக்காக அந்த நகரங்கள் 1985-ல் சராசரியாகத் தலா 75 லட்சம் டாலர் செலவிட்டதாகக் கணக்கிட்டது. கைது, கோர்ட், சிறை என்று ஒரே பெண்களைச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பதற்கு இவ்வளவு பணமா என்ற விவாதம் அங்கே அப்போதே எழுந்தது. பணம் நிறைய இருந்த இடத்திலும் அது எந்தப் பிரிவில் செலவானது என்பதுதான் கேள்வியானது.

குண்டர் சட்டம் என்ற குறுக்குவழி

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். கள்ளச்சாராயம் விற்பவர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் ஆகியோரோடு விபசாரத் தொழில் நடத்துபவர்களும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தச் சட்டப்படி ஒருவரை விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம்.

சாட்சிகளை வரவழைத்து, பல ஆண்டு வழக்கு நடத்தி, தண்டனை வாங்கித் தருவதோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம் முடியும் வேலை. ஆனால், தடுப்புக் காவல் உத்தரவுகள் பல, நடைமுறைக் கோளாறு காரணமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. ஆள் வெளியே வரும்போது, மூல வழக்கு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால், காவலில் இருந்த மாதங்களால் அந்த வழக்குக்குப் பயன் ஏதும் இல்லை.

மீட்கப்பட்டவர் எங்கே?

செலவுக் கணக்கில் கடைசியாக வருவது காப்பகம். பெரும்பாலும் கடைசியாகவே கவனிக்கப்படுவதும் அதுதான்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் பிறகு, ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு தேவை என்று கருதினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்கச் சொல்லலாம். மறுவாழ்வுக்காக 2007-ல் ‘உஜ்வலா’ என்ற திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. 2022-ல் அது வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டு ‘சக்தி சதன்’ ஆனது. தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை, சட்ட உதவி என்று காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காப்பகத்துக்கு ஆலோசகரும் பயிற்சியாளரும் இல்லாவிட்டால் அங்கே மிஞ்சுவது பூட்டிய கதவு மட்டுமே. விருப்பமில்லாமல் உள்ளே இருக்கும் பெண்ணுக்கு அது இன்னொரு சிறை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இந்த இடத்தைத்தான் தொட்டது. காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, அவர்களை விடுவிப்பது பற்றி மாநில அரசுகள் பரிசீலிக்க வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கான ஆதாரமாகப் போலீஸ் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலியல் தொழிலாளர்களை மரியாதையோடு நடத்தப் போலீஸாருக்குப் பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் அந்த உத்தரவு சொன்னது. ரெய்டு, கைது, மீட்பு நேரத்தில் அவர்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளிப்படுத்தக் கூடாது என்பதற்கும் வழிகாட்டுதல் கேட்டது.

பயிற்சி என்று உத்தரவு சொன்னாலும், பட்ஜெட் சுருங்கும்போது முதலில் வெட்டு விழுவது பயிற்சிக்கான பணத்தில்தான்.

கோர்ட் படியேறும் நாள்

2021-ல் மட்டும் நாடு முழுக்க 2,189 ஆள்கடத்தல் வழக்குகள் பதிவானதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் 6,533 பேர். அதில் 2,877 பேர் 18 வயதுக்குக் கீழே. பாலியல் சுரண்டலோடு கொத்தடிமை முறை போன்றவையும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இந்த வழக்குகளில் முக்கிய சாட்சி, பாதிக்கப்பட்ட பெண்தான். மீட்கப்பட்ட அவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் ஊருக்குப் போயிருப்பார். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவருக்குத் திருமணமாகியிருக்கலாம். சம்மனோடு போலீஸ் வீட்டு வாசலில் வந்து நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். பயணச் செலவுக்கும் துணைக்கு ஆளுக்கும் வழியில்லை என்றால் அவர் வரமாட்டார். சாட்சி வரவில்லை என்றால் வழக்கு தோற்கும். கும்பல் தலைவர் விடுதலை ஆவார். அவர் அடுத்த ஊரில் அடுத்த வாடகை வீட்டைத் தேடுவார்.

மாவட்டந்தோறும் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகளை ஏற்படுத்தவும் பலப்படுத்தவும் நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாயை மாநிலங்களுக்கு மத்திய உள்துறை கொடுத்திருக்கிறது. கேட்க பெரிய தொகை. நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு மாவட்டத்துக்கு 14 லட்சம் ரூபாய்கூட வராது. ஒரு ஜீப்பும் சில கம்ப்யூட்டர்களும் வாங்கலாம். அந்த ஜீப்புக்கு வருடா வருடம் டீசல் போட்டு, உள்ளே உட்கார ஆள் கொடுப்பது மாநிலத்தின் கையில்தான்.

காசில்லாமலே செய்யக்கூடியவை

பட்ஜெட் கூடும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? அவசியம் இல்லை. அதிகம் செலவில்லாத, ஆனால் சரியான ஆளைத் தொடும் வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன.

ஒன்று, 18-வது பிரிவு. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற பொது இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் ஒரு வீடு விபசார விடுதியாகப் பயன்படுகிறது என்று தெரிந்தால், மாஜிஸ்திரேட் அதன் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் காலி செய்ய உத்தரவு வரும். அதன்பின் ஓராண்டுக்கு மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. அங்கே சிறுமி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் மூன்றாண்டு. பெரிய படை எதுவும் தேவையில்லை. ஒரு ஃபைல் போதும். வாடகை போகிறது என்றால் உரிமையாளர் அடுத்த முறை யாருக்கு வீடு கொடுக்கிறோம் என்று பார்ப்பார்.

இரண்டு, வீடியோ கான்ஃபரன்ஸ் சாட்சியம். கடத்தப்பட்ட குழந்தைகள் தங்கள் ஊரிலிருந்தபடியே சாட்சி சொல்ல 2022-ல் உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது. ரயில் டிக்கெட்டும் மிச்சம், அந்தக் குழந்தை தன்னை விற்றவரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் வேதனையும் மிச்சம். இதே வசதி வயதுவந்த பெண்களுக்கும் வழக்கமானால், தோற்கும் வழக்குகள் குறையும்.

மூன்று, ஆலோசனைக் குழு. சிறப்பு காவல் அதிகாரிக்குத் துணையாக, சமூக சேவையில் இருக்கும் ஐந்து பேர் வரை கொண்ட குழுவை, முடிந்தவரை பெண்களையும் சேர்த்து, அரசு அமைக்கலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. மொழி தெரிந்தவர், ஆலோசனை சொல்பவர், ரெய்டுக்குச் சாட்சியாக வரக்கூடிய பெண் என்று போலீஸ் கடைசி நிமிடத்தில் தேடி அலையும் பலரை, இப்படி ஒரு குழு மூலம் முன்கூட்டியே அடையாளம் காண முடியும்.

நான்கு, எண்ணிக்கையை மாற்றுவது. எத்தனை பேர் கைது என்பதற்குப் பதிலாக, எத்தனை விடுதி நடத்துநர்களுக்குத் தண்டனை கிடைத்தது, எத்தனை கட்டடங்கள் மூடப்பட்டன என்று மாதக் கூட்டத்தில் கேட்கத் தொடங்கினால், இருக்கும் சொற்ப ஆட்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

அந்த நான்கு வரிச் செய்தி

இந்தச் சட்டத்தில் பலரின் கண்ணில் படாத ஒரு வரி உண்டு. விபசார விடுதிக்கு இடம் கொடுத்த வீட்டு உரிமையாளர் பொதுவாகச் சொல்வது, ‘எனக்கு எதுவுமே தெரியாது’ என்பதுதான். 3-வது பிரிவு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சோதனையில் அந்தக் கட்டடம் விபசாரத்துக்குப் பயன்படுவது தெரியவந்தது என்று, உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் செய்தித்தாளில் செய்தி வந்துவிட்டால், அவருக்கு விஷயம் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆக, முதலில் பார்த்த அந்த நான்கு வரிச் செய்திக்கு ஒரு வேலையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அதற்குத் தேவை, கட்டடம் எது, எந்தத் தெரு, எந்தத் தேதியில் சோதனை நடந்தது என்ற விவரம். ‘அழகிகள்’ என்ற சொல்லும், துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளியும் முகமும் அந்த வேலைக்குத் தேவையே இல்லை.

அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது, பெண்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கட்டடத்தின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஊர்ப் போலீஸ் தன்னிடம் இருக்கும் கொஞ்சம் பணத்தைச் சரியான இடத்தில் செலவழித்திருக்கிறது என்று அர்த்தம்.